மூன்று மை நோட்டு

கிட்டத்தில் வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டாம் வருஷம், வாயே திறக்காத ஒரு படகுக்காரன் ஜெர்மன் வகுப்புக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

“ஏலே சுப்புராஜு, உன் நோட்டைப் பாத்தா கலெக்டர் ஆபீசே தோத்துப்போகும். வாயிலேருந்து ஒரு ஜெர்மன் வார்த்தை வருதா?” என்றார் வாத்தியார் திருமலைச்சாமி.

வகுப்பே சிரித்தது.

கொடைக்கானல் ஏரியில் படகு விடும் சுப்புராஜ், குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆண்பால் சொல்லுக்கு நீல மை, பெண்பாலுக்குச் சிவப்பு, இரண்டும் இல்லாததற்குப் பச்சை. எதிர்ப்பக்கத்தில் அர்த்தம், அதன் கீழே உச்சரிப்பு, தமிழ் எழுத்தில். நோட்டு நனையாமலிருக்க மெழுகுச்சீலை உறை. மழையில் வந்த அவன் தலைக்குத்தான் உறை ஒன்றுமில்லை.

ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம், பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு. என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெர்மனி என்ற சொல்லே போதுமாயிருந்தது. வகுப்பில் கூடப் படித்த ஓட்டல்காரர் பொன்னுவேல் இப்போதே ஓவர்கோட்டுத் தைத்து வைத்துக்கொண்டார். சாயங்காலத்தில் பார்த்தாலும் ‘குட்டன் மார்கன்’ என்றுதான் காலை வணக்கம் சொல்வார்.

“சார், ‘எங்க வலிக்குது’ன்னு எப்பிடிக் கேக்கணும்? இன்னொருக்காச் சொல்லுங்க” என்றான் சுப்புராஜ்.

“வலிக்கிற மாதிரியா துடுப்புப் போடுறே?” என்றார் பொன்னுவேல்.

மறுபடியும் சிரிப்பு. சுப்புராஜ் எழுதி, அடிக்கோடும் இட்டான்.

பரீட்சையன்று ஜெர்மன் டாக்டரம்மா வந்தார். பொன்னுவேலின் ஜெர்மன் காலை வணக்கத்தோடு தீர்ந்துபோனது. இன்னொருவர் இருமியே நேரத்தை ஓட்டினார். கடைசியாக, சுப்புராஜைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார் வாத்தியார்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. ஜெர்மனில் ஏதோ கேட்டார். சுப்புராஜ் சிரித்தபடி நின்றான்.

“மானத்தை வாங்காதேலே! வருஷம் பூரா எழுதுனியே, உனக்கு ஒண்ணுமே ஏறலையா?” என்று பல்லைக் கடித்தார் வாத்தியார்.

“எனக்கு எதுக்குங்க சார் ஏறணும்? பரீட்சைக்குப் பேரு குடுத்தது நான் இல்லீங்களே. வகுப்பு நேரத்துல வார்டு டூட்டியில கெடக்குற நர்சுக்காகத்தான் எழுதுனேன்” என்ற சுப்புராஜ் வாசல் பக்கம் திரும்பினான். “சிவபாக்கியம், வெரசா வா. கூப்பிடுறாங்க.”

வெள்ளைச் சேலையில் உள்ளே வந்த அவன் மனைவி டாக்டரம்மாவிடம் ஜெர்மன் பேசிய வேகத்துக்கு, வாத்தியாரே அந்த நோட்டை எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டுப் பரணில் மலைப்பூண்டும், நடுவீட்டில் சிரிப்பும் என்றும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா.