நோட்டீஸ் போர்டில் ஒரு ஸ்கேன்

பனியன் கம்பெனியில் தைக்கும் துளசிமணிக்கு வாரம் இரண்டு முறை பாதித் தலை தெறிக்கும். வெளிச்சம் பட்டாலே குமட்டும். லீவு கொடுத்து அலுத்த மேலாளர், கம்பெனி செலவிலேயே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"ஸ்கேன் நார்மல்தாம்மா. ஆனா ஒத்தைத் தலைவலி ஸ்கேன்ல தெரியாது. வலி வந்தா மாத்திரை போட்டு இருட்டுல படுத்துக்கணும்" என்றார் டாக்டர்.

மேலாளர் அந்த ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அதன்பின் தலைவலி என்று யார் லீவு கேட்டாலும் அதைக் காட்டினார். "அத்தன துடிச்ச புள்ளைக்கே ஒண்ணுமில்லையாம். போய் வேலையப் பாரு."

ஒருநாள் பக்கத்து மெஷின் பூங்கோதை, லீவு மறுக்கப்பட்டு, ஒரு கண்ணைப் பொத்தியபடி திரும்பி வந்தாள். துளசிமணி தன் மாத்திரையை நீட்டினாள். பூங்கோதை அதைத் தட்டிவிட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க மண்டைக்குள்ள ஒரு கட்டியாவது இருந்திருக்கக் கூடாதா?"