நடுக்கூடத்து நாற்காலி

மாலை வெயில் தையல் மிஷினின் சக்கரத்தில் பட்டு மின்னுகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து தையல்காரி வீடு திரும்பியதிலிருந்து, ஞாயிறுதோறும் அக்காவும் அத்தானும் வருகிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் மாட்டி, கூடத்தின் நடுவில் தலையணை வைத்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று கடவுளிடம் அவளுக்காக மன்றாடுகிறார்கள். இன்று அவள் நாற்காலியை அத்தான் பக்கம் தள்ளுகிறாள். "நீங்க உக்காருங்க அத்தான். முட்டி வலியோட படியேறி வந்திருக்கீங்க." அக்கா பதறுகிறாள். "அது உன் சிம்மாசனம்டி. உன்னால நிக்க முடியாது." "முடியலன்னா உன் மேல சாஞ்சுக்கறேன். தூண் மாதிரிதானே இருக்கே?" அத்தான் முகக்கவசத்துக்குள் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்; தோள் குலுங்கிக் காட்டிக்கொடுக்கிறது. அக்கா முறைத்த முறைப்பில் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார். தையல்காரி அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். வேண்டிக்கொள்கிறவர்களோடு தானும் ஒருத்தியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. "இன்னிக்கு நான் வேண்டிக்கறேன். என்னைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் கடவுளுக்கே மனப்பாடமாயிருக்கும்." கண்ணை மூடுகிறாள். "சாமி, அத்தானோட முட்டியைக் கொஞ்சம் பாரு." புதிதாக முளைத்த குட்டை முடிக்குள் வியர்வை ஊறுகிறது. தாங்கிப் பிடிக்க நீண்ட அக்காவின் கை, பாதியிலேயே நின்று மெல்ல மடங்குகிறது. "எனக்காக ராத்திரியெல்லாம் முழிச்சே கெடந்தா இவ. இவளுக்கு நல்ல தூக்கத்தைக் குடு." அக்கா தலை குனிகிறாள். தையல்காரி நாற்காலியைப் பிடித்திருந்த தன் கையை எடுத்து அக்காவின் தலைமேல் வைக்கிறாள்.