பங்கருக்குள் ஒரு கூட்டல்

கரும்பலகையில் சராசரியை எழுதி முடிப்பதற்குள் குண்டுபோடும் பொம்பர் விமானம் வந்துவிடுகிறது. விரிவுரையாளர் பெர்னடெட் முதலாம் வருட மாணவர்களைப் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டு, கையில் சோக்குத் துண்டோடு கடைசியாக நுழைகிறார். வாசலால் விழும் வெயில் கூரை தாங்கும் முதல் பனங்குற்றியோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஈரமண் வாசமும் மூச்சும்தான். காலையில் ஆளுக்கொரு பூவரசம் இலையின் நீளத்தை அளந்தவர்கள் இவர்கள். "சராசரி எண்பத்திரண்டு மில்லிமீற்றர். வித்தியாசத்தைச் சொல்லுங்கோ; உங்கடை இலை அதிலும் கூடவெண்டால் சக, குறையவெண்டால் சய. ஒராள் ஒராளாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒராளும் விடுபடாட்டில் கடைசியிலை சைபர் வரவேணும்." "இதுக்குள்ளையோ மிஸ்?" என்கிறான் நிமலன். "ஓம், இதுக்குள்ளைதான். சோதினை எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காது." இருட்டில் குரல் குரலாகக் கணக்கு நகர்கிறது. "சக நாலு." "எனக்குச் சய ஒண்டு, இப்ப மூண்டு." மேலே பொம்பர் தாழப் பதிகிறது. குண்டு விழுந்து நிலம் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. கூரை மண் பொலபொலவென்று கழுத்துக்குள் கொட்டுகிறது. பெர்னடெட்டின் விரல்களுக்குள் சோக்கு மாவாகிக் கிடக்கிறது. "எங்கை விட்டனாங்கள்?" வகுப்பில் கேட்கும் அதே கண்டிப்பான குரல். "சய அஞ்சிலை மிஸ்." "அடுத்தது ஆர்?" பெர்னடெட் இருட்டுக்குள் ஓர் அடி முன்னே வைக்கிறார். "அடுத்தது ஆர் எண்டு கேட்டனான்." மூலையில் ஓர் இருமல், பிறகு தயாளினியின் குரல், மண்ணைத் துப்பிவிட்டு வருகிறது. "நான்தான் மிஸ், கடைசி ஆள். எனக்குச் சக அஞ்சு. சைபர்." பெர்னடெட் அப்போதுதான் மூச்சை விடுகிறார். பொம்பர் திரும்பவும் வளைந்து வருவது கேட்கிறது. "சரி," என்கிறார், "இனி முதல் ஆளிட்டையிருந்து ஒவ்வொண்டையும் வர்க்கிப்பம்."