மாயவீரன் வேஷம்

பெருமாட்டித் தோப்பில் பேசும்படக் கம்பெனி ஒன்று கூடாரம் போட்டிருந்தது. ஆகாயத்தில் பறந்து வந்து பேய்களை அடித்து விரட்டும் மாயவீரன் வேஷத்துக்கு ஆள் தேடினார்கள்.

"பேய் வரும். அசையாம நிக்கணும். ஓரடி நகர்ந்தாலும் வேஷம் கிடையாது" என்றார் டைரக்டர்.

ஏற்கெனவே மூன்று பேர், பேயின் கால் தரையில் பாவாததைப் பார்த்ததுமே வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான்காவதாக நின்றவன், மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் ஆறுச்சாமி. வேஷம் தனக்குத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தான், பாவம்.

"பயமில்லையே, ஆறுச்சாமி?"

"எனக்கென்னங்க பயம்? எங்கூட்டு மாடு முட்டாததையா பேய் முட்டிப்போடும்?"

மாமரக் கிளையிலிருந்து தலைவிரி கோலமாக, அந்தரத்தில் ஆடிக்கொண்டு பேய் வந்தது. ஆறுச்சாமி அண்ணாந்து பார்த்தான். அடுத்த நொடி பாய்ந்து போய்ப் பேயின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டான்.

"கெடுத்தியே! நிக்கத்தானேய்யா சொன்னேன்? போ, உனக்கு வேஷமில்லை!"

டைரக்டர் கத்தி முடிப்பதற்குள் மேலே கயிறு பட்டென்று அறுந்தது. பேய் வேஷம் கட்டிய பிச்சைமணி மொத்தமாக ஆறுச்சாமியின் தோளில் வந்து விழுந்தார்.

"தெனமும் கெணத்துக் கயித்தோட கெடக்கறவனுங்க நானு. புரி அவுந்தா எனக்குத் தெரியாதுங்களா?" என்றான் ஆறுச்சாமி, மூச்சு வாங்க.

டைரக்டர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாயவீரன் நீதான்யா!"

"அதெல்லாம் ஆகாதுங்க" என்றார் பிச்சைமணி, தோளிலிருந்து இறங்காமலே. "இவரு வீரனாப் போயிட்டா எனக்குக் கயிறு கட்டறது யாருங்க? அப்புறம் நான் வேஷம் போடாமலே பேயா வர வேண்டியதுதான்!"