இன்னும் ரெண்டு விரக்கடை

நல்லா ஓடுற வண்டியைக் கெடுக்கச் சொல்லி வர்றவனுக்குத் திண்டுக்கல்லுல பஞ்சமே இல்ல. பழனி ரோட்டுல மைதீன் பிச்சை கார் ஆக்சஸரீஸ் கடைன்னா எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருசத்துல நான் பார்க்காத கிறுக்கு இல்ல. ஆனா ஸ்டான்லி மாதிரி ஒருத்தன் வந்ததில்ல.

செவப்பு செடான். நிக்கிறப்பவே ஓடப் போற மாதிரி இருந்துச்சு. ஸ்பாய்லர் எடுத்துக் காட்டுனேன், வேணாம்னான். அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், உறுமுற சைலன்சர், எதையும் திரும்பிக்கூடப் பார்க்கல. ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தரையோட எறக்கணும், அம்புட்டுதான்.

"தம்பி, நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கரெல்லாம் என்ன லட்சணம்னு தெரியும்ல? அடிவயிறு கிழிஞ்சிரும்."

"பரவால்ல பாய். எம்புட்டு முடியுமோ அம்புட்டு எறக்குங்க."

கூட அவங்கம்மா செபாஸ்தியம்மாளும் வந்திருந்துச்சு. சேர்ல உக்காந்ததுல இருந்து அதுக்கு வாய் ஓயல. குஜிலியம்பாறைக்கு உள்ள தள்ளி ஒரு ஊராம். வீட்டுக்காரர் இஞ்ஞாசிதான் மகனுக்கு இந்த வண்டியை வாங்கிக் குடுத்தாராம். சும்மா இல்ல. மகனும் மருமகளும் திண்டுக்கல்லைக் காலி பண்ணிட்டு ஊரோட வந்து இருக்கணும். மகன் வேடசந்தூர் மில்லுக்கு அங்க இருந்தே கார்ல போயிட்டு வரணும். மருமக கிளாரா இங்க ஆஸ்பத்திரியில நர்சு. அது வேலையை விட்டுட்டு வீட்டைப் பார்க்கணும். வர்ற ஞாயித்துக்கெழமை ஊர்ல வீட்டு வாசல்லயே ஃபாதரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கப் போறாங்களாம், ஒண்ணாந்தேதி குடி போயிறணுமாம்.

கிளாராவும் அங்கதான் நின்னுச்சு. ராத்திரி டூட்டி முடிஞ்சு நேரா வந்த புள்ள, கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. "ஊருக்கெல்லாம் ஊசி போடுறா, என் வீட்டுல உலை வைக்க ஆளில்ல"ன்னு மாமியா எங்கிட்டச் சொல்றப்போ, அந்தப் புள்ள கடையில மாட்டியிருந்த சீட் கவரையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இதெல்லாம் ஒரு பொம்பளையான்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டேன்.

மாமியாளும் மருமகளும் எதிர்த்தாப்புல டீ குடிக்கப் போனதும் இவனைப் பிடிச்சேன். பொண்டாட்டிக்கு வேலை போகப்போகுது, நீ வண்டிக்கு அழகு பார்க்குறியான்னு நேராவே கேட்டுட்டேன்.

டீக்கடையை ஒரு தரம் பார்த்துட்டுக் கிட்ட வந்தான்.

"மெயின் ரோட்டுல இருந்து எங்க ஊருக்கு மூணு கிலோமீட்டர் பாறைப் பாதை பாய். வண்டியை எறக்கிட்டா அதுல போகாது. மில்லு ஷிஃப்டுக்குத் தோதா பஸ்ஸும் கெடையாது. அப்புறம் நாங்க எப்படி அங்க குடி போறது? கிளாரா வேலை தப்பிச்சிரும்."

"இதை உங்க அப்பாகிட்ட வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"அதுக்கு இது லேசு பாய்."

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. கோழைதான். ஆனா பொண்டாட்டி மேல பிரியம் உள்ள கோழை.

சாயங்காலத்துக்குள்ள வேலையை முடிச்சேன். ஆனா அவன் கேட்டதுல பாதிதான் எறக்குனேன். அடியில ஆயில் டேங்க் ஒடஞ்சு பாதையில நின்னுட்டா யாரு பேரு கெடும்? நாலு எடத்துல தட்டுனாலே திரும்பிருவாங்கன்னு ஒரு கணக்கு.

திங்கக்கெழமை காலையில கடையைத் தொறந்து செத்த நேரம்கூட ஆகல, பஸ்ஸை விட்டு எறங்கி செபாஸ்தியம்மா மட்டும் தனியா வருது. சரி, குட்டு ஒடஞ்சிருச்சு, நம்மளை ஒரு வழி பண்ணத்தான் வருதுன்னு நெனச்சேன். வரட்டும், நாலு வார்த்தை நானும் கேக்குறேன்னு நிமிந்து உக்காந்தேன்.

அது நிதானமா நடந்ததைச் சொல்லுச்சு. நேத்து மந்திரிக்கப் போறப்ப பாதை ஆரம்பத்துலயே வண்டி தட்டி நின்னுருச்சாம். இனி போகாதுப்பான்னு ஸ்டான்லி சொல்லியிருக்கான். கூட வந்த இஞ்ஞாசி விடுவாரா? எறங்கி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூணு கிலோமீட்டரும் வண்டிக்கு முன்னாடியே நடந்து, இந்தக் கல்லுக்கு எடப்பக்கம் வா, அந்தப் பள்ளத்துக்கு வலப்பக்கம் வான்னு கை காட்டிக்கிட்டே வீடு வரைக்கும் கொண்டுவந்து சேத்துட்டாராம். பார்த்து ஓட்டுனா தாராளமா வரலாம், ஒண்ணாந்தேதி குடி வந்துருங்கன்னும் சொல்லிட்டாராம்.

"உங்க மகன் கேட்டாரு, நான் எறக்குனேன்மா. எம் மேல என்ன தப்பு?"ன்னேன்.

"அவன் எதுக்குக் கேட்டான்னு எனக்குத் தெரியாதா தம்பி? பத்து மாசம் சுமந்தவ நான்."

ஒரு சேரை எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னேன்.

"வேடசந்தூர் மில்லுல நானும் வேலை பார்த்தவதான். கல்யாணம் ஆனதும் நிப்பாட்டிட்டாங்க. அப்ப எங்களுக்குன்னு இப்படி ஒரு காரும் இல்ல. இப்ப அந்த மனுசன் சொல்றதை என் வாயாலதான் சொல்லணும், மாமியாளாச்சே. எதுத்து ஒரு வார்த்தை பேசுனா வீட்டுல வருசம் பூரா சண்டை."

அந்தப் புள்ளையை இங்க கடையில வெச்சு அப்படிப் பேசுனதை நெனச்சு மூணு நாளா சோறு எறங்கலைன்னு சொல்றப்போ அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. நான் மனசுக்குள்ள வஞ்சதெல்லாம் எனக்கே திரும்பி வந்துச்சு. என்னம்மா செய்யணும், சொல்லுங்கன்னேன்.

"தட்டுன எடத்தைச் சரி பண்ண இன்னைக்கு அவன் வண்டியை இங்கதான் விடுவான். அவனுக்குத் தெரிய வேணாம், அப்பன் ஒரு அதட்டு அதட்டுனா எல்லாத்தையும் கக்கிருவான்."

சேரை என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, கொரலைத் தாழ்த்திச் சொல்லுச்சு.

"இன்னும் ரெண்டு விரக்கடை எறக்கிருங்க. அந்த மனுசன் வண்டிக்கு முன்னாடி முட்டிபோட்டு வந்தாலும் இது எங்க ஊருக்குள்ள வரக்கூடாது."