நாலு ஜோடி ஆட்டம்

தடால்! மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி அதிர்ந்தது.

"தேவசகாயம் சார், அது என் பொண்டாட்டி கை! விடுங்க!" என்று கத்தினார் பழனிவேல்.

"மொதல்ல நீங்க என் பொண்டாட்டி கைய விடுங்க!" என்றார் எதிர்வீட்டு தேவசகாயம்.

பழனிவேலின் மனைவி கொளஞ்சியம்மாள் தேவசகாயத்திடமிருந்து கையை உதறினாள். "இந்த வயசுல நமக்கு டான்ஸு தேவையாங்க?"

பழனிவேலுக்குத் தேவைதான். லண்டனில் வேலை பார்க்கும் மகள் தமிழினி, அங்கேயே ராபர்ட்டைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் வரவேற்பு. ராபர்ட்டின் அப்பா, நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடும் இங்கிலீஷ் கிராமத்து ஆட்டத்தில் கில்லாடியாம்.

"குட் மார்னிங்குக்கு மேல எனக்கு இங்கிலீஷு வராது. சம்பந்தி எதிர்ல ஊமையாட்டம் நிக்கச் சொல்றியா? ஆடியாவது காட்டணும்டி!"

மச்சான் இளவரசுவையும் கடைப் பையன் பாலகுமாரையும் மனைவியரோடு இழுத்து வந்தாயிற்று. செல்போனில் கிடைத்த வீடியோதான் வாத்தியார். அதிலோ எல்லாருக்கும் பேண்ட், எல்லாருக்கும் கிராப்பு.

"இதுல ஆம்பள யாரு, பொம்பள யாரு மாமா?" என்றான் இளவரசு.

"ஜோடியில எடது பக்கம் நிக்கிறது பொம்பள. சிதம்பரத்துல சாமிக்கு எந்தப் பக்கம்டா அம்மன் நிக்குது?"

அதோடு சந்தேகம் தீர்ந்தது. மனைவிகள் இடது பக்கம் நிற்க, ஆட்டம் தொடர்ந்தது.

"என்னங்க, நீங்களே சுத்திச் சுத்தி வரீங்க? நாங்க பாதி நேரம் சும்மா நிக்கிறோம்?"

"ஆம்பளைக்குத்தான் வேல ஜாஸ்தி."

"இத வூட்லயும் செஞ்சா நல்லாருக்கும்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

சிமெண்ட் கடையில் உட்கார்ந்தே வளர்த்த உடம்பு. "நான் சுத்துனா லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு," என்று பழனிவேலே ஒப்புக்கொண்டார்.

"லாரிக்காவது ஹாரன் இருக்கு மாமா!"

ஞாயிறு மாலை, சிதம்பரம் மண்டபத்தில் இசை தொடங்கியது. பழனிவேலின் கால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நான்கு ஆண்களும் நடுவே புகுந்து, கை கோர்த்து, எதிர் ஜோடியைச் சுற்றிவிட்டு, பிசகாமல் அவரவர் மனைவியிடமே வந்து சேர்ந்தார்கள்.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வெள்ளைக்காரச் சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்து, நேரே பழனிவேலிடம் வந்தார். இடுப்பை வளைத்து வணங்கி, கையை நீட்டி, மெதுவாக ஏதோ சொன்னார்.

பழனிவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் நோட்டம் விட்டார்.

"கண்ணு, என்னா சொல்றாரு? அப்பா ஆட்டம் பிரமாதம்ங்குறாரா?"

தமிழினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுங்க ஆட்டத்துல வலது பக்கம் நிக்கிறதுதான் பொம்பளயாம். நாலு ஆம்பளைங்களும் பொம்பளைங்க ஆட வேண்டியத ஆடிட்டீங்களாம்ப்பா. அடுத்த ஆட்டத்துக்கு அவுரு ஒங்களத்தான் ஜோடியா கூப்புடுறாரு!"