கூரையில் நாலு கறுப்புக் கட்டம்

லோஜன் தேயிலைத் தோட்டத்தில் தான் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஃபோனில் வரைந்து, அந்தப் படத்தைப் பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றி விற்றேவிட்டான். கூரை ஓட்டைக்கு மட்டும் நாலு கறுப்புக் கட்டம்.

"யாருடா வாங்குனது?" ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்தபடி கேட்டாள் அம்மா வீரம்மா.

"பேரு தெரியாதும்மா. இனி அது அவருக்கு மட்டுந்தான் சொந்தம். ஒரு கட்டத்தக்கூட யாராலயும் மாத்த முடியாது."

மறுநாள் புதுத் தகரம் கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனான். தோட்ட மேனேஜர் தொரையின் மேசைக்குப் பின்னால், பெரிய டிவியில் அதே படம்.

"உலகத்துலயே இது ஒண்ணுதான், எங்கிட்டதான் இருக்கு," என்றார் தொரை பெருமையாக. "யாரோ பெரிய கலைஞன். அப்படியே நம்ம பத்தாம் நம்பர் லயம்."

"ஆமாங்க தொரை. அந்த ஓட்டைக்குத்தான் தகரம் கேட்டு வந்தேன்."

தொரை பதறிப்போனார்.

"அத அடைச்சிட்டா என் படம் பொய்யாயிடுமேப்பா."